பதினான்கு கருங்காலிகளும் ஒரு துடைப்பமும்

"எங்க ட்ரஸ்ட்ல கருங்காலி யாரும் இல்ல மேடம். போன கமிட்டியோட அதெல்லாம் ஒழிஞ்சுது" என்றார் செயலாளர், தொலைபேசியில்.

நான் கேட்டது மரத்தைப் பற்றி. அதைப் புரியவைக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அவர் குரல் மாறியது. மரம் என்றால் வெட்டுவதற்கா, வெட்டாமல் தடுப்பதற்கா என்று கேட்டார். எண்ணுவதற்கு என்றேன். இருபத்தோரு வருடமாகத் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வெறுமனே எண்ணிவிட்டுப் போகிறேன் என்று சொல்லும் ஒருவரை நம் ஊரில் யாரும் நம்புவதில்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

விஷயம் இதுதான். என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி திருநெல்வேலிப் பக்கம் கருங்காலி மரத்தை ஆராய்கிறாள். தெற்கே காடுகளில் ஓரளவு இருக்கிற மரம், வடக்கே வர வரக் குறைந்து, நம் பக்கம் வரும்போது இங்கே நாலு அங்கே அஞ்சு என்று தேய்ந்துபோகிறது. தேய்கிற அந்த ஓரத்தில் என்ன நடக்கிறது, கிழடு எத்தனை, நடுவயது எத்தனை, குஞ்சு குளுவான் எத்தனை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அடையாற்றில் ஆற்றை ஒட்டிய பழைய தோட்டம் ஒன்றில் சில மரங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். நான் சாந்தோமில் இருப்பவள். கல்லூரி விட்டால் அங்கே போக இருபது நிமிடம். "நீ போய் எண்ணிட்டு வந்துடேன், உனக்கு என்ன வேலை" என்றாள். மூன்று வகுப்பு, நூற்றிருபது விடைத்தாள், மூட்டுவலிக்காரி அம்மா. இவை வேலையில் சேர்த்தியில்லை.

அந்தத் தோட்டத்தை நடத்தும் ட்ரஸ்ட்டின் செயலாளர் கடைசியில் அனுமதித்தார். சொந்தமாகக் குடை கொண்டுவர வேண்டும், கழிப்பறை கேட்கக் கூடாது, தோட்டக்காரியை விட்டு விலகக் கூடாது என்று மூன்று நிபந்தனைகள். நான் மரத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்ளத்தான் தோட்டக்காரி.

அவளும் நானும் ஏறக்குறைய ஒரே வயது. முதல் நாள் "அக்கா" என்று கூப்பிட்டேன். "நா இன்னா உன்னவுட மூத்தவளா?" என்று கேட்டாள். நாற்பத்தாறு என்றேன். "எனுக்கும் அவ்ளோதான் இருக்கும். சரி, அக்கான்னே கூப்டு. யாராவுது கூப்டட்டும்" என்றாள். அதே ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். கரையைச் சுத்தப்படுத்துகிறோம் என்று குடிசைகளை எடுத்தபோது அவள் குடும்பத்தைப் பெரும்பாக்கத்தில் ஒரு மாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். முன்பு தோட்டத்துக்கு நடந்து வந்தவள், இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறாள். காலை ஏழு மணிக்குத் துடைப்பத்தைக் கையில் எடுத்தாக வேண்டும்.

பாண்டி பஜாரில் வாங்கிய தையல்காரர் டேப்போடு போயிருந்தேன். மரத்தின் சுற்றளவை மார்பு உயரத்தில் அளப்பதுதான் வழக்கம் என்று அவளிடம் பெருமையாக விளக்கினேன்.

"யாரு மாரு? என்னுதா, உன்னுதா?"

அவள் என்னைவிட அரை அடி குள்ளம். உலகம் முழுக்க நாலரை அடி என்று வைத்திருக்கிறார்கள் என்றேன். "அப்ப வெள்ளக்காரன் மாரு" என்று முடிவு செய்து, டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு சனிக்கிழமைகளில் எண்ணி முடித்தோம். பதினான்கு மரங்கள், அத்தனையும் பெரியவை. இரண்டு கைகளால் கட்டிப்பிடிக்க முடியாதவையும் அதில் இருந்தன. நடுத்தரம் ஒன்றுகூட இல்லை. இடுப்பளவு கன்று இல்லை, முழங்கால் அளவும் இல்லை, இரண்டிலைக் குஞ்சும் இல்லை. என் படிவத்தில் வயது வாரியாக ஆறு கட்டங்கள். ஐந்தில் சைபர் போட்டேன்.

பங்குனியில் பூத்தபோது மறுபடி போனேன். கருங்காலியில் ஆண், பெண் என்று மரங்கள் பிரிந்திருப்பதுண்டு. ஆண் பூக்கள் கொத்துக் கொத்தாக வரும். பெண் பூ தனியாக நிற்கும். ஒவ்வொரு மரமாகப் பார்த்து ஒன்பது ஆண், நான்கு பெண், ஒன்று தெரியவில்லை என்று எழுதிக்கொண்டேன்.

"நாலு பொண்ணுக்கு ஒம்போது மாப்ளயா? எங்க ஏரியான்னா இந்நேரம் மண்ட ஒடைஞ்சிருக்கும்" என்றாள். பிறகு, நான் தெரியவில்லை என்று எழுதியிருந்த மரத்தைக் காட்டி, "இதுவும் ஆம்பளதான். நா பாத்து இது ஒரு காயி, பயம் வுட்டதில்ல. நெழலு மட்டும் குடுக்கும்" என்றாள். ஒன்பதை அடித்துப் பத்து என்று எழுதினேன்.

அப்போதுதான் கேட்டேன். நான்கு பெண் மரங்கள் பழம் விடுகின்றன, பழம் கீழே விழுகிறது, பிறகு ஏன் ஒரு கன்றுகூட இல்லை? மண்ணில் உப்பு ஏறியதாக இருக்கலாம், ஆற்று மாசாக இருக்கலாம், பருவநிலை மாற்றமாக இருக்கலாம் என்று மனதுக்குள் ஒரு கட்டுரையே எழுதி வைத்திருந்தேன்.

"கன்னா? எவ்ளோ வரும் தெரிமா? மய பேஞ்சதும் பொலபொலன்னு வந்துடும்."

"வந்து?"

"வந்து இன்னா. நாந்தான் புடுங்கிப் போட்டுடுவேன்."

சாதாரணமாகச் சொன்னாள். பதினெட்டு வருடமாக அவள் வேலை அது. அவளுக்கு முன்னால் அவளுடைய மாமியார். மரத்தடி கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்பது கமிட்டிகள் மாறினாலும் மாறாத உத்தரவு. இலை கிடக்கக் கூடாது, புல் நான்கு விரலுக்கு மேல் நிற்கக் கூடாது, தானாக முளைத்த எதுவும் இருக்கக் கூடாது. நான் கட்டுரையை மனதுக்குள்ளேயே கிழித்துப் போட்டேன். பல்லாயிரம் வருடம் வறட்சியையும் புயலையும் தாங்கிய மரத்தை ஒரு தென்னந்துடைப்பம் நிறுத்தி வைத்திருந்தது. அதைப் பிடித்திருந்த கை என்னோடு டேப் பிடித்துக்கொண்டிருந்தது.

என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையை நிமிர்த்தி மரங்களைப் பார்த்தாள்.

"அப்ப இந்தப் பதினாலும் பூட்டா அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"இத்த யாராவுது முன்னயே சொல்லியிருக்கலாம்ல? நா இன்னா வேண்டிக்கினா புடுங்கறேன்?"

செயலாளரிடம் பேசப் போனேன். தேனாம்பேட்டையில் ஏதோ ஒரு நிறுவனத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் முதலில் "நோட் பண்ணிக்கறேன்" என்பார். கையில் பேனா இருக்காது. கிழக்கு மூலையில் உள்ள பெண் மரத்தின் அடியில் பத்தடிக்குப் பத்தடி இடத்தை மட்டும் பெருக்காமல் விட வேண்டும் என்று கேட்டேன்.

"குப்பையா இருக்குமே மேடம்."

"குப்பைதான் சார் உரம்."

"அது சரி. ஆனா குப்பை மாதிரி தெரியுமே."

கடைசியில், காலை நடைக்கு வருகிறவர்கள் கண்ணில் படாத மூலை என்பதால் சம்மதித்தார். கயிறு நான் வாங்க வேண்டும் என்றார். வாங்கினேன். அக்காவும் நானும் நான்கு குச்சிகள் ஊன்றிக் கயிறு கட்டினோம். அதற்குள் இலை விழுந்தது, ஆடி முடியும் முன்னே பழம் விழுந்தது, யாரும் தொடவில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு காலையில் அவளிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், வந்துகீதுங்க." விடுப்பு சொல்லிவிட்டு ஓடினேன். ஈர இலைகளுக்கு நடுவே அறுபத்தொன்று. மண்டியிட்டு இரண்டு தடவை எண்ணினேன். அவள் எண்ணாமல் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். "இத்தினியையும் வருசா வருசம் கொன்னுகினு இருந்துகீறேன்" என்றாள். நான் முளைப்பு விகிதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பாடம் நடத்தத்தான் எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் என் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவனைச் சொன்னால் என் முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில வருடங்களாக நம் ஊரில் கருங்காலி மாலை போடாத கழுத்தைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. ஆட்டோ ஓட்டுபவர், ஐடி கம்பெனிக்காரர், ஜிம்முக்குப் போகும் பையன், வேட்பாளர், எல்லார் சட்டைக்குள்ளும் ஒரு கறுப்பு மாலை. மயிலாப்பூர் குளத்தைச் சுற்றி நூறடி நடந்தால் நான்கு கடை. தி.நகரில் துணிக்கடை வாசலில் ஊக்கு, நாடா, கைப்பேசி உறையோடு சேர்த்துக் கூடையில் கொட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனை மாலைக்கு எத்தனை மரம் வேண்டும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். உலகத்தில் உள்ள கருங்காலியை எல்லாம் வெட்டினாலும் ரங்கநாதன் தெருவுக்கே காணாது.

நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். இந்த மோகம் எங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். அந்த வருடம் கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டுக்கு வந்த அண்ணன், பிரியாணியில் கை வைக்கும் முன் சட்டைப்பையிலிருந்து கருங்காலியில் செய்த செபமாலையை எடுத்து மேஜையில் வைத்தான்.

"ஒரிஜினல். நெகட்டிவ் எனர்ஜி எல்லாம் இழுத்துக்கும். ஃபாதர்கிட்ட மந்திரிச்சும் வாங்கிட்டேன்."

நான் அதைத் தண்ணீர் டம்ளரில் போட்டேன். பாயசம் வருவதற்குள் தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது.

"பாத்தியா, எவ்ளோ நெகட்டிவ் வெளிய வருது!" என்றான்.

அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்துவிட்டு அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. இருபது வருடமாக என் படிப்பை யாரும் மதிக்காத அந்த மேஜையில், "இது சாயம் போட்ட ஏதோ கட்டை. நெஜக் கருங்காலி பதினாலு என்கிட்ட இருக்கு. அடையாறுல. வந்து பாரு" என்றேன். என்கிட்ட என்று வேறு சொன்னேன்.

அண்ணன் பார்க்க வரவில்லை. எங்கள் பங்குக் கோயிலின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டான்: 'என் தங்கை ஆராய்ச்சியாளர். அடையாற்றில் பதினான்கு அசல் கருங்காலி மரங்களைக் கண்டுபிடித்திருக்கிறார். மரத்தடியில் ஐந்து நிமிடம் நின்றாலே மாற்றம் தெரியும்.' அந்த ஐந்து நிமிடம் அவன் சொந்தச் சரக்கு. அங்கிருந்து அது நடைப்பயிற்சிக் குழுக்களுக்கும், அடுக்குமாடிக் குடியிருப்புக் குழுக்களுக்கும், கே.கே. நகரில் ஒரு ஜோதிட வகுப்புக்கும் போனது. பத்து நாளில் எனக்கே திரும்பி வந்தபோது, ஐந்து நிமிடம் ஒரு மண்டலமாக மாறியிருந்தது. என் பெயர் காணாமல் போயிருந்தது; ஒரு சித்தர் சேர்ந்திருந்தார்.

செயலாளர் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று பயந்தபடி போனேன். மனிதர் எழுந்து நின்று வரவேற்றார். கழிப்பறையைக்கூடக் காட்டினார்.

"இத்தனை நாளா ஏன் மேடம் சொல்லல? நம்ம தோட்டத்தோட வேல்யூவே வேற!" என்றார். பிறகு என்னை மரத்தடிக்கு அழைத்துப் போய்ச் சாம்பல் நிறப் பட்டையைத் தட்டிப் பார்த்தார். "ஆனா கறுப்பா இல்லையே?"

"கறுப்பு உள்ளே இருக்கும் சார். நடுவயிரம் மட்டும். அதுக்கே ரொம்ப வருஷம் ஆகும். சுத்தி இருக்கறதும் கிளையும் வெளுப்புதான்."

"நோட் பண்ணிக்கறேன்" என்றார்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை விழா. முக்கிய விருந்தினர் வருகிறார், மரங்களுக்கு மஞ்சள் துணி கட்டப்படும், சுற்றிச் சிமெண்ட் மேடை எழுப்பப்படும், புதிதாக ஒரு கருங்காலிக் கன்று நடப்படும். சிமெண்ட் வேண்டாம், வேர் மூச்சு முட்டும் என்றேன். மேடை இல்லாவிட்டால் பெயர்ப்பலகையை எங்கே பதிப்பது என்று கேட்டார். கிழக்கு மூலைக் கயிறு பத்திரமா என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "டோண்ட் வொர்ரி" என்றார்.

விழாவன்று நான் போனபோது கயிறு இல்லை. குச்சிகள் இல்லை. கிழக்கு மூலை கண்ணாடி மாதிரி இருந்தது. மண்ணைச் சீவி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டிருந்தார்கள். வெளி ஆட்களை வைத்துச் சுத்தம் செய்திருக்கிறார் காண்ட்ராக்டர். அறுபத்தொன்றும் அவர்களின் மண்வெட்டிக்கு ஒரு நிமிட வேலைகூட இருந்திருக்காது. அந்தக் கோலத்தின் நடுவில்தான் புதுக் கன்று நடுவதற்குக் குழி தோண்டியிருந்தார்கள்.

விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். வெயிலில் நாற்காலி சுட்டது. நர்சரியிலிருந்து வாங்கிய கன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். முருங்கை மாதிரி பொடி இலை, தண்டில் கொக்கி முள். அதுவும் சில ஊர்களில் கருங்காலி என்ற பெயரில் விற்கப்படுகிற மரம்தான். ஆனால் வேலமரத்துக்குச் சொந்தம். எங்கள் பதினான்குக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. விருந்தினர் குழியில் இறக்கும்போது முள் விரலில் குத்தியது. "சக்தி இருக்கு" என்றார் அவர். எல்லாரும் கை தட்டினார்கள்.

நானும் தட்டினேன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன், மடியில் ஒரு பொன்னாடை இருந்தது, பக்கத்தில் செயலாளரின் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எழுந்து "இது அந்த மரமே இல்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறுபத்தொன்று எங்கே என்று கேட்கவும் வரவில்லை. கை மட்டும் தானாகத் தட்டியது.

அக்காவைத் தேடினேன். விருந்தினர் போகும்வரை தோட்ட வேலைக்காரர்கள் பின்பக்கம் இருக்க வேண்டும் என்று உத்தரவாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"நா இருந்தா வுட்டிருக்க மாட்டேன். நேத்து என்ன லீவு எடுத்துக்கோன்னு சொல்ட்டாங்கோ. உனுக்குத் தெரிமா, தெரியாதா?"

"சத்தியமா தெரியாது."

"அந்த மரம் இங்க கீதுன்னு ஊருக்கு யாரு சொன்னா?"

நான் பொன்னாடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"நா பதினெட்டு வருசம் புடுங்கினேன். தெரியாம புடுங்கினேன். நீ படிச்சவ. தெரிஞ்சே சொன்ன" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொன்னாடையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அதைக் கையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு வாரம் அவள் என் போனை எடுக்கவில்லை. மூன்றாம் வாரம் அவளே கூப்பிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது. வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்களாம்.

நடந்தது இது. கமிட்டியில் உள்ள ஒரு அம்மாள் காலை நடையின்போது, மேற்கே உள்ள ஆண் மரம் ஒன்றில் மணிக்கட்டுத் தடிமனுள்ள கிளை அறுபட்டிருப்பதைப் பார்த்துவிட்டார். புனித மரத்தில் கை வைத்தது யார் என்று ஒரே களேபரம். யார் என்று கண்டுபிடிக்கச் செயலாளருக்கு அரைமணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. தோட்டத்திலேயே இருப்பவள், பெரும்பாக்கத்திலிருந்து வருகிறவள், மாலைக் கடைகளுக்கு விற்றிருப்பாள். விசாரணை முடிந்தது.

"நீ எடுத்தியா அக்கா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"உனுக்கும் அதான் தோணுதா?" என்றாள். பிறகு சொன்னாள். "விழாவுக்கு மொத நாளு காண்ட்ராக்டர் ஆளுங்க அறுத்தாங்கோ. வர்ற பெரிய மன்சனுக்கு நம்ம மரத்துலயே மால செஞ்சு போடணும்னு செக்ரட்டரி சொன்னாராம். லீவு சம்பளம் கேக்க ஆபீஸ் பக்கம் வந்தப்ப என் கண்ணால பாத்தேன். கெயக்கு மூல அங்கேர்ந்து தெரியாது. அறுத்துப் பாத்தா உள்ள வெள்ளயா கீது. ஏமாத்திட்டாங்கடான்னு தூக்கிப் போட்டுட்டுப் பூட்டாங்கோ. இன்னும் செவுத்தாண்டதான் கெடக்குது. யாரும் என்ன கேக்கல. நா யாராண்ட சொல்றது?"

அடுத்த நாள் கமிட்டிக் கூட்டம். என் அறிக்கையைச் சமர்ப்பிக்க என்று சொல்லி ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். போகும் வழியில் சுவரோரத்தில் கிடந்த கிளையைப் பார்த்தேன். எடுத்து நனைந்த செய்தித்தாளில் சுற்றிக்கொண்டேன்.

ஏழு பேர். மேஜையில் மெதுவடை. பதினான்கு பெரிய மரம், நடுவயது சைபர், கன்று சைபர் என்று படித்தேன். சைபர் என்ற சொல்லை மாற்ற முடியுமா, 'வளர்ச்சிக்கு வாய்ப்பு' என்று போடலாமே என்று ஒருவர் கேட்டார். முடியாது என்றேன். இந்த வருடம் அறுபத்தொரு கன்றுகள் முளைத்தன, அவை விழாவுக்காகச் சீவப்பட்டன என்று படித்தேன். வடையைத் தின்பதை ஒருவர் நிறுத்தினார். பிறகு, மரங்களைப் பற்றி வெளியே சொன்னது நான்தான் என்றேன். அது அறிக்கையில் இல்லை.

அதற்குப் பிறகு செய்தித்தாளைப் பிரித்துக் கிளையை மேஜையில் வைத்தேன்.

"இது விற்க அறுத்த கிளை இல்லை. விற்றிருந்தால் இங்கே கிடக்காது. உள்ளே வெள்ளையாக இருந்ததால் போட்டுவிட்டார்கள். தோட்டக்காரம்மாவுக்குக் கிளை வெள்ளையாகத்தான் இருக்கும் என்று தெரியும், அவர் வருடா வருடம் காய்ந்த கிளைகளை வெட்டுகிறவர். அறுத்த இடம் பத்தடி உயரம். தோட்டத்தில் உள்ள ஒரே ஏணி ஆபீஸ் அறையில் பூட்டில் இருக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது."

எல்லார் கண்ணும் மேஜையின் தலைமாட்டுக்குப் போனது. செயலாளரின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. கிளை கறுப்பாக இருக்காது என்று நான் அவரிடமே சொல்லியிருந்தேன். அன்று பேனா இல்லாமல் நோட் பண்ணிக்கொண்டார். நடைப்பயிற்சி அம்மாள் அவரையே பார்த்தார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடுத்த அஜெண்டா, பார்க்கிங்" என்றார்.

அவ்வளவுதான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு எனக்கு அனுப்பிய கூட்டக் குறிப்பில், 'மனிதாபிமான அடிப்படையில் தோட்டப் பணியாளரைத் தொடர்ந்து பணியில் வைத்துக்கொள்ள ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று இருந்தது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வழங்கியிருந்தார்கள். அதை அவளிடம் படித்துக் காட்டினேன். "இருக்கட்டும். பஸ் பாஸ் எடுத்துட்டேன், வீணாப் பூடும்" என்றாள்.

பழையபடி பேச அவளுக்குச் சில மாதங்கள் ஆயின. வெயில் காலத்தில் ஒருநாள், விருந்தினர் நட்ட முள் கன்று காய்ந்துவிட்டதாகச் சொல்ல அவளே போன் செய்தாள். கமிட்டி அதற்குக் காவலாக இரும்புக் கூண்டு போட்டிருந்தது. கூண்டு நன்றாக இருக்கிறதாம்.

மழைக்கு முன்னால் மறுபடி இடம் ஒதுக்க வேண்டும் என்றேன். இந்த முறை அவளே இடம் தேர்ந்தாள். நடைபாதைக்கு எட்டாத, ஆற்றுச் சுவரை ஒட்டிய பெண் மரம். ஒரு பலகை வைக்கலாம், 'அரிய மரம், ஆராய்ச்சிப் பகுதி' என்று எழுதலாம் என்று நான் ஆரம்பித்தேன்.

"அரிய மரம்னு எய்துனா நாளிக்கே மஞ்சத்துணி கட்டிடுவாங்கோ. பாம்பு கீதுன்னு எய்து."

எழுதினேன். நல்ல தமிழில், சிவப்பு எழுத்தில்: 'நல்ல பாம்பு நடமாட்டம். உள்ளே வராதீர்கள்.' செயலாளரிடம் அனுமதி கேட்கவில்லை. அவர் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார் என்று கேள்வி. காண்ட்ராக்டர் ஆட்களும் துடைப்பத்தை நீட்டுவதில்லை. ஒரே ஒரு சங்கடம், இரண்டு பக்தர்கள் பால் வைத்துவிட்டுப் போனார்கள். அதை ஒரு பூனை குடித்தது.

அந்த ஐப்பசியில் இருபத்துமூன்று முளைத்தன. கோடையில் பன்னிரண்டு போயின. ஒரு மழையில் ஆற்றுத் தண்ணீர் சுவரைத் தாண்டி வந்ததில் நான்கு அழுகின. இந்தத் தை மாதம் எண்ணியபோது ஏழு இருந்தன, எல்லாம் முழங்கால் உயரத்துக்குக் கீழே. தோழிக்கு அனுப்பினேன். படிவத்தின் இரண்டாவது கட்டத்தில், முழங்கால் அளவுக்கானதில், முதல் தடவையாகச் சைபர் இல்லாத ஒரு எண்.

எண்ணி முடித்துவிட்டு இருவரும் ஆற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். அவள் டிபன் டப்பாவிலிருந்து எலுமிச்சை சோற்றில் பாதியை மூடியில் போட்டுக் கொடுத்தாள். எதிர்க்கரையில் குடிசைகள் இருந்த இடத்தில் நடைபாதையும் விளக்குக் கம்பங்களும் இருந்தன. ஆள் யாரும் இல்லை.

இது மெதுவாக வளர்கிற மரம் என்றேன். இந்த ஏழும் டேப் வைத்து அளக்கிற உயரத்துக்கு வந்து, பூத்து, ஆணா பெண்ணா என்று தெரிவதற்குள் நாம் இரண்டு பேருமே இருக்கமாட்டோம்.

"இருந்தா மட்டும் இன்னா செய்யப்போற? இன்னொரு தபா எண்ணுவ" என்றாள்.

எண்ணுவேன்தான். அவளுக்கு நாலு மணி பஸ். டப்பாவைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.